என் அக்காவின் உபயத்துக்கு நான் வாங்கிய காளாஞ்சி

எங்கள் அம்மன் கோயில் தலைவர் ஒரு கோழை.

இதை அவருடைய முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். ஒஸ்லோ நகரத்து அரச அலுவலகம் ஒன்றில், மொழிபெயர்ப்பாளரை வைத்து, நோர்வேஜிய மொழியிலும் சொல்லியிருக்கிறேன். எழுத்தில் சொல்வதுதான் மிச்சமாக இருந்தது.

அவர் கெட்ட மனிதர் இல்லை. வடக்கே ஹம்மர்பெஸ்டில், மீன் ஆலையில், நானும் அவரும் ஒரே மேசையில் நின்று மீன் வெட்டியவர்கள். என் கை விறைத்துக் கத்தி நழுவியபோது தன் கையுறையைக் கழற்றித் தந்தவர் அவர். அப்படிப்பட்ட மனிதர் பயந்து நடக்கும்போதுதான் எனக்குக் கூடுதலாகக் கோபம் வருகிறது. கெட்டவன் என்றால் விட்டுவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

விஷயம் என் அக்காவின் உபயம். யாழ்ப்பாணத்துக் கோயில் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் பொறுப்பு. அன்றைய பூ, பால், அபிஷேகம், ஐயருக்குத் தட்சணை, வருகிற சனத்துக்குச் சோறு எல்லாம் அந்தக் குடும்பத்தின் கையால் நடக்கும். அதுதான் உபயம். பூசை முடிந்ததும் ஐயர் ஒரு தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, பாக்கு, பூமாலை எல்லாம் வைத்து, உபயகாரரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். அதற்குக் காளாஞ்சி என்று பெயர். தட்டில் இருப்பதையெல்லாம் எந்தத் தமிழ்க்கடையிலும் வாங்கலாம். ஆனால் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிட, சனம் விலகி வழிவிட, முன்னே நடந்துபோய் வாங்குவது கடையில் கிடைக்காது. அது கிடைக்காத கோபத்தில் தனிக் கோயில் கட்டியவர்களையும் எனக்குத் தெரியும்.

எங்கள் கோயில் முன்பு காருக்கு டயர் மாற்றும் கடையாக இருந்தது. இப்போது மூலஸ்தானம் இருக்கும் இடத்தில் அப்போது கார் தூக்கும் யந்திரம் நின்றது. எனக்கு அதில் குறை இல்லை. நாங்களும் வந்த இடத்தில் கிடைத்த அறையில் படுத்தவர்கள்தானே, அம்மன் மட்டும் என்ன விதிவிலக்கா?

அந்தக் கோயில் தொடங்கிய காலத்திலிருந்து ஏழாம் திருவிழா அக்கா குடும்பத்தின் உபயம். அத்தான் உயிரோடு இருக்கும்வரை காளாஞ்சியை அவர் வாங்கினார். அத்தான் நோயில் போய்ச் சேர்ந்தார். கோயிலுக்குப் போகக் கூடாத துடக்குக் காலம் எல்லாம் முடிந்து, கடந்த வருடத் திருவிழா வந்தபோது, அக்கா தலைவருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“ஏழாம் திருவிழா எங்கடைதான். வேறை ஆருக்கும் குடுத்திடாதேங்கோ. நான் செய்யிறன்.”

தலைவர் உருகிப்போனாராம். “உங்களை மாதிரி ஒரு பிள்ளை இந்தக் கோயிலுக்குக் கிடைச்சது அம்மாளின்ரை அருள்” என்றாராம். அருளைப் பற்றிப் பேசும்போது அவருக்கு வாய் தாராளம்.

அக்கா ஒரு முதியோர் இல்லத்தில் சமையலறைப் பொறுப்பாளர். பல் இல்லாத நோர்வேக்காரருக்கு உருளைக்கிழங்கு மசிக்கிற வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அந்த வாரம் முழுக்கக் கோயில் சமையலறையில் நின்றாள். வடை மட்டும் ஒரு மலை.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பேருந்துச் சாரதி. சாமி கும்பிடுகிறவன் இல்லை. கோயிலுக்குச் சாப்பிடத்தான் போவேன். இதை ஒளித்ததில்லை, அம்மனுக்கும் தெரியும். அன்றைக்கும் வேலை முடிந்த கையோடு சீருடையில் போய், நேரே அன்னதான மண்டபத்துக்குள் நுழைந்தேன். ஒரு வடை வாயிலும் ஒரு வடை கையிலும் இருந்தபோது ஒலிபெருக்கியில் என் பெயர் கேட்டது. ஏழாம் திருவிழா உபயகாரர் திரு. இன்னார் அவர்கள் காளாஞ்சி பெற முன்னே வரவும் என்று தலைவரின் குரல். முதலில், என் காரை எடுத்து வழிவிடச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். எங்கள் கோயில் ஒலிபெருக்கியில் பாதி நேரம் தேவாரம், மீதி நேரம் கார் இலக்கம்.

இரண்டு பேர் வந்து என்னைத் தூக்காத குறையாக இழுத்துப் போனார்கள். வாசலில் வைத்தே சட்டையைக் கழற்றினார்கள். மேலே பக்தன், கீழே பேருந்துச் சாரதி. எண்ணெய்க் கையைக் காற்சட்டையில் துடைத்தேன். சனம் விலகி வழிவிட்டது. பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் அக்கா நின்றாள். பட்டுச் சேலை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. நான் வடை மணக்க மணக்க அவளைத் தாண்டிப் போனேன்.

“ஐயா, ஆள் மாறிப்போச்சு. உபயகாரர் அங்கை நிக்கிறா” என்றேன்.

ஐயர் உதட்டை அசைக்காமல், “வாங்குங்கோ தம்பி. சனம் பாக்குது” என்றார்.

வாங்கினேன். வாங்கியதும் திரும்பி நடந்து அக்காவிடம் நீட்டினேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என் கையைத் தட்டினார். “இஞ்சை வைச்சுக் குடாதை மோனை. வீட்டை கொண்டுபோய்க் குடு.” அக்கா என்னையும் பார்க்கவில்லை, தட்டையும் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்தபடி நின்றாள்.

செருப்பு வைக்கும் இடத்தில் தலைவரைப் பிடித்தேன்.

“என்ன அண்ணை இது? நான் வடை தின்ன வந்தனான்.”

“தம்பி, குறை நினையாதை. அவ புருஷன் இல்லாத பிள்ளை. முன்னாலை கூப்பிட்டா ஒண்டு ரெண்டு சனம் முகம் சுழிக்கும்.”

“ஆர் அந்தச் சனம்?”

“சனம்தான்.”

“அந்தச் சனத்துக்குப் பேர் இல்லையோ?”

“இப்ப ஏன் விடுத்து விடுத்துக் கேக்கிறாய்? உனக்கு மரியாதை தந்தது பிழையே?”

“எனக்கு ஏன் அண்ணை மரியாதை? நான் ஒரு தேங்காய்கூட உடைக்கேல்லை.”

“உனக்கு விளங்காது. நீ சாமி இல்லை எண்டு திரியிற ஆள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாமி இல்லை என்கிறவனுக்கு அம்மனின் காளாஞ்சியைக் கொடுக்கலாம், விரதம் இருந்தவளுக்குக் கொடுக்கக் கூடாது. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இங்கே ஓர் உள்ளூர் வானொலியில் ஞாயிறு பின்னேரம் அரை மணி நேரம் தமிழ் நிகழ்ச்சி இருக்கிறது. ஒரே அலைவரிசையைப் பலர் பங்குபோட்டிருக்கிறோம். எங்களுக்கு முன்னால் ஒரு கிறிஸ்தவச் சபை, எங்களுக்குப் பின்னால் அக்கோர்டியன் வாசிக்கும் கிழவர்கள். எங்கள் அரை மணியில் கடைசிப் பத்து நிமிடம் என்னுடையது. மனதில் பட்டதைப் பேசுவேன். பிறந்தநாள் விழாவுக்கு மண்டபம் எடுத்து, குழந்தை நித்திரை கொண்ட பிறகு கேக் வெட்டுகிறவர்களைப் பேசுவேன். திராமன் நகரத்தில் நடக்கும் கல்யாணத்துக்கு ஒஸ்லோவிலிருந்து ஒரே காரில் ஒன்பது பேர் போகிறவர்களைப் பேசுவேன். திட்டு வாங்கியவர்களே அடுத்த கிழமையும் கேட்பார்கள்.

அந்த ஞாயிறு கோயிலைப் பேசினேன். பேசியது ஏறக்குறைய இதுதான்: “எங்கள் கோயிலில் உபயம் செய்கிற பெண்ணைக் கூப்பிடக் கூடாதாம், அவளுடைய தம்பியைத்தான் கூப்பிட வேண்டுமாம். நல்லது. அந்தச் சட்டம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கிற அம்மனும் பெண்தானே? இனிமேல் அவளுக்கு ஏன் நேரே தீபம் காட்டுகிறீர்கள்? அவளுக்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். மகாவிஷ்ணு. அவரைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். பாற்கடலில் படுத்திருக்கிற மனிதர் எழும்பி, சட்டையைக் கழற்றி, தங்கச்சியின் பூசையை வாங்கிக்கொண்டு போகட்டும். பாம்புக்குத் தரிப்பிட வசதி செய்து கொடுங்கள்.”

இவ்வளவுதான். அக்கா அன்றே தொலைபேசி எடுத்துச் சிரித்தாள். “சாமி இல்லை எண்டுவாய். ஆனா சாமியின்ரை சொந்தக்காரர் எல்லாரையும் தெரிஞ்சு வைச்சிருக்கிறாய்” என்றாள்.

தலைவர் சிரிக்கவில்லை. நபிகளைப் பற்றிப் பத்திரிகையில் வந்த கேலிச்சித்திரம் ஒன்றுக்காக ஊரூராகக் கொடி எரித்து அடங்கிய காலம் அது. நோர்வேயில் யாரைப் பார்த்தாலும் கருத்துச் சுதந்திரம், மத உணர்வு என்றுதான் கதை. பேருந்தில் ஏறுகிறவர்கள்கூட என் நிறத்தைப் பார்த்துவிட்டு, “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டார்கள். “பயணச்சீட்டைக் காட்டு என்று நினைக்கிறேன்” என்பேன். தலைவர் அந்தக் கதைகளையெல்லாம் கவனமாகக் கேட்டிருக்கிறார். மதத்தின் பெயரால் ஒருவரை அவமதித்தால் முறைப்பாடு செய்ய ஓர் அரச அலுவலகம் உண்டு என்று கண்டுபிடித்தார். வேலை கிடைக்காத கறுப்பனும், வீடு கிடைக்காத சோமாலியாக்காரியும் போய் நிற்கிற அந்த வாசலில், எங்கள் தலைவர் போய் நின்றார். நான் வானொலி வழியாக ஒஸ்லோ இந்துக்களின் மனித உரிமையை மீறிவிட்டேனாம். நானும் அந்த இந்துக்களில் ஒருவன்தான் என்பது அவருக்கு மறந்துபோனது. காளாஞ்சி தரும்போது ஞாபகம் இருந்தது.

வானொலிக்காரர் பயந்தார்கள். “வழக்கு முடியும்வரை கொஞ்சம் ஓய்வெடுங்கோ அண்ணை” என்றார்கள். என் பத்து நிமிடத்தில் பக்திப்பாடல் போட்டார்கள். அக்கோர்டியன் கிழவர்களில் ஒருவர் என்னை ஒருநாள் பேருந்தில் கண்டு, “உன் சத்தம் கேட்கவில்லையே, சுகமில்லையா?” என்று கேட்டார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத மனிதர். நான் கத்துவது கேட்டால் தன் நேரம் நெருங்குகிறது என்று அவருக்கு விளங்குமாம்.

அலுவலகம் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டது. நான் தனியே போனேன். தலைவர் நிர்வாகசபையில் உள்ள மூன்று பேரோடு வந்தார். எல்லாரும் கோட்டு, திருநீறு, சந்தனப் பொட்டு. ஒருவர் கையில் பெரிய பிஸ்கட் தகரம். அதற்குள் வடையும் மோதகமும். எங்கள் சனம் வெறுங்கையோடு ஒரு வாசலும் மிதிக்காது. பல் பிடுங்கப் போனாலும் வைத்தியருக்கு ரோல்ஸ் கொண்டுபோகும்.

விசாரித்த பெண் மெதுவாகப் பேசுகிறவர். மேசையில் தண்ணீரும் ஒரு மெழுகுதிரியும் வைத்திருந்தார். தகரத்தைக் கண்டதும் முகம் சிவந்தது. வழக்கில் ஒரு பக்கத்தாரிடமிருந்து தான் எதையும் வாங்க முடியாது என்றார். தலைவரின் முகம் செத்துப்போனது. வடையை மறுத்ததோடு வழக்கே தோற்றுவிட்டதாக நினைத்தார். அந்தப் பெண்ணுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். “உங்களுக்குள் நீங்கள் சாப்பிடலாம்” என்று தகரத்தை மேசை நடுவில் தள்ளிவைத்தார்.

மொழிபெயர்ப்பாளர் மதுரைப் பக்கத்துப் பொடியன். படிக்க வந்து இங்கேயே தங்கியவர். என் வானொலிப் பேச்சை ஒலிநாடாவில் போட்டு, நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தார். மகாவிஷ்ணு எழும்புகிற இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தலைவர் எரிந்து விழுந்தார். “தம்பி, நீங்கள் மொழிபெயர்க்க வந்தனீங்களோ, சிரிக்க வந்தனீங்களோ?”

“சாரி சார். பாம்புக்குப் பார்க்கிங்னு எதிர்பார்க்கல சார்.”

பிறகு அவர் தலையைச் சொறிந்தார். “சார், இந்தக் காளாஞ்சிங்கிறது என்ன சார்? எங்க ஊர்ல தலையில பரிவட்டம் கட்டுவாங்களே, அதுவா?”

“அது வேறை, இது வேறை” என்று நானும் தலைவரும் ஒரே குரலில் சொன்னோம்.

“ஒரு தட்டத்திலை தேங்காய், பழம், வெத்திலை, பாக்கு...” என்று தலைவர் விரல் மடித்தார்.

“பூமாலையை விட்டிட்டியள்” என்றேன்.

“ஓம் ஓம், பூமாலை. முதலிலை ஐயர் அதைச் சாமியின்ரை பாதத்திலை வைச்சு எடுப்பார்.”

“பேந்துதான் கூப்பிடுவினம்.”

“சும்மா கூப்பிடேலாது. முழுப்பேரும் சொல்லோணும்.”

“பேரிலை ஒரு எழுத்துக் குறைஞ்சாலும் அடுத்த வருசம் உபயம் இல்லை.”

“ஓ, அவ்ளோ பெரிய விஷயமா சார்?”

“பின்னை என்ன?” என்றார் தலைவர் பெருமையோடு. நாங்கள் எதிரிகள் என்பது இருவருக்கும் கொஞ்ச நேரம் மறந்துபோனது. நான் ஒரு வடை எடுத்தேன். அவர் தகரத்தை என் பக்கம் இன்னும் தள்ளிவிட்டார்.

விசாரித்த பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். “அந்தப் பெண் என்ன சொல்கிறார்?”

“அவவுக்கு இதிலை ஒரு பிரச்சினையும் இல்லை” என்றார் தலைவர்.

“அவவுக்கு இது பெரிய அவமானம்” என்றேன் நான்.

இரண்டையும் மதுரைக்காரர் மொழிபெயர்த்தார். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினார். “இரண்டையும் அவரே சொன்னாரா?”

தலைவர் தொண்டையைச் செருமினார். “சொல்லேல்லை. ஆனா எங்களுக்குத் தெரியும்.” நானும் அதையே சொல்ல வாயெடுத்தேன். வாயில் வடை இருந்தது.

புறப்படும் நேரத்தில்தான் அவரைக் கோழை என்றேன். மதுரைக்காரர் தயங்கி, “சார், அதையும் சொல்லணுமா?” என்றார். “வடிவாச் சொல்லுங்கோ” என்றேன். சொன்னார்.

நடந்ததை அக்கா வீட்டில் போய்ச் சொன்னேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

“நான் என்ன செத்தே போனன்? ரெண்டு ஆம்பிளையள் ஒரு கந்தோரிலை இருந்து, வடை திண்டு திண்டு, எனக்கு என்ன விருப்பம் எண்டு அடிபட்டிருக்கிறியள். ஒருத்தருக்கும் என்ரை நம்பர் தெரியாதோ?”

“அக்கா, நான் உனக்காகத்தானே...”

“எனக்காக ஏன் கதைக்கிறாய்? எனக்கு வாய் இல்லையே?”

அவளுடைய மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். சோபாவில் இருந்தபடியே சொன்னாள். “மாமா, இதிலை க்லாகெ போட வேண்டியது அம்மாதான். இது க்ளீன் டிஸ்க்ரிமினெறிங். அம்மா, நீங்க க்லாகெ போடுங்கோ, நான் எழுதித் தாறன்.” முறைப்பாடு என்ற தமிழ்ச் சொல் அவளுக்கு வராது. முறைப்பாடு செய்யும் குணம் மட்டும் எங்கள் பரம்பரை.

“போட்டு?” என்றாள் அக்கா.

“அவை கோயிலுக்குச் சொல்லுவினம்.”

கோயிலுக்குள் நடக்கும் மரியாதையில் அந்த அலுவலகத்தின் கை நீளாது என்று விசாரித்த பெண் எங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். மகள் ஒரு நோர்வேஜியத் தூஷணத்தை முணுமுணுத்தாள். அக்கா அதைக் கவனிக்கவில்லை.

“அவையின்ரை கை நீண்டாலும் நான் போடமாட்டன். நான் அம்மாளோடை சண்டைக்குப் போகேல்லை. அந்த நாள் உன்ரை அப்பாவின்ரை நாள். அவர் போனாப் பிறகு அதை நான் தூக்கிக்கொண்டு வந்தனான். இந்த வீடு என்ரை பேரிலை. வரி என்ரை பேரிலை. உன்ரை பள்ளிக்கூடத்திலை இருந்து என்னைத்தான் கூப்பிட்டவை. அம்மாளுக்கு முன்னாலை மட்டும் நான் ஆரெண்டு தெரியாதாம். எனக்கு என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட வேணும். அவ்வளவுதான்.”

அவளுக்கு என்ன வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவள் வாயால் கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் தனியே பஸ் ஏறி லோறென்ஸ்கூக்கில் இருக்கும் தலைவர் வீட்டுக்குப் போனாள். நான் காரில் ஏற்றிப் போகிறேன் என்றதற்கு, “நீ வந்தா நீதான் கதைப்பாய்” என்றாள். அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குசினி மேசையில் தேத்தண்ணீர் வைத்துவிட்டு, தலைவரே பேச்சைத் தொடங்கியிருக்கிறார்.

“பிள்ளை, எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. நீங்களே வாங்குங்கோ. ஐயரோடையும் கதைச்சனான், அவருக்கும் ஒண்டும் இல்லையாம்.”

“சந்தோசம் அண்ணை. அப்ப அதைக் கூட்டத்திலை சொல்லுங்கோ.”

“கூட்டத்திலை சொன்னா எல்லாரும் கதைப்பினம்.”

“கதைக்கத்தானே கூட்டம்?”

“உங்கடை தம்பியை மாதிரியே கதைக்கிறியள்” என்று சிரித்தாராம். அவருடைய மனைவி அடுப்படியில் நின்றபடி, “அவ கேக்கிறது சரிதானே” என்றாராம். அவர் அதற்கும் சிரித்தாராம். போகும்போது அக்காவின் கையில் ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாயும் கொடுத்து, “நான் பாத்துக்கொள்ளுறன். இப்போதைக்கு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ” என்றாராம்.

இங்கேதான் அவர் கோழை என்று நான் சொல்வது. அவருக்குச் சம்மதம். ஐயருக்குச் சம்மதம். அவர் மனைவிக்குச் சம்மதம். முகம் சுழிக்கும் அந்தச் சனம் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் சொல்ல முடியாது.

அலுவலகத்திலிருந்து முடிவு வந்தது. என் பேச்சில் சட்டமீறல் எதுவும் இல்லையாம். கோயில் வழக்கத்தைப் பரிகசிப்பது அந்த மதத்தவரைத் துன்புறுத்துவது ஆகாதாம். வெற்றி என்று துள்ளிக்கொண்டு வானொலிக்குப் போனேன். பத்து நிமிடத்தைத் திருப்பித் தந்தார்கள். “கோயிலைப் பற்றி மட்டும் வேண்டாம் அண்ணை. சட்டம் விட்டாலும் சனம் விடாது” என்றார்கள். மறுபடியும் அதே பெயரில்லாத சனம். அரசாங்கம் என் வாயைத் திறந்துவிட்டது, எங்கள் ஆட்களே கையைக் கொண்டுவந்து பொத்தினார்கள். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

தலைவர் முறைப்பாடு செய்ததில் எனக்குக் கோபம் இல்லை. மனம் நொந்தால் போய்ச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. எனக்குப் பரிகசிக்க உரிமை உண்டு. விஷ்ணுவை நான் பேசியது அவருக்கு உண்மையாகவே நொந்திருக்கலாம். அவர் பக்தியுள்ள மனிதர், நடிக்கிறவர் இல்லை. அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன், ஆனால் நொந்தது என்று அவர் சொல்வதை நம்புகிறேன். தன் மனம் நொந்ததற்கு அரசாங்கம் வரை போன மனிதர், அக்காவின் மனம் நொந்ததற்குத் தன் நிர்வாகசபை வரைகூடப் போகவில்லை. அதுதான் என் கோபம்.

போன கிழமை இந்த வருடத் திருவிழாவின் விஞ்ஞாபனம் தபாலில் வந்தது. மஞ்சள் கடதாசியில், அம்மன் படம் போட்டு, எந்த நாள் யாருடைய உபயம் என்று அச்சடித்து எல்லா வீட்டுக்கும் அனுப்புவார்கள். அக்கா என்னை வரச்சொல்லி அதைக் கையில் தந்தாள். முதலாம் திருவிழாவிலிருந்து கடைசி நாள் தீர்த்தம் வரைக்கும் பெயர்கள். தகப்பன் பெயர், ஊர்ப் பெயர், சில இடத்தில் படித்த பட்டம்கூட. ஏழாம் திருவிழாவுக்கு நேரே, “ஓர் அடியார்.”

என் பெயரும் இல்லை. அவள் பெயரும் இல்லை. என்னைக் கூப்பிட்டால் நான் கத்துவேன். அவளைக் கூப்பிட்டால் சனம் கத்தும். எனவே யாரையும் கூப்பிடாமல் விட்டுவிட்டார். தலைவர் இதைப் பெரிய இராசதந்திரம் என்று நினைத்திருப்பார்.

“இனி ஆரும் போய் வாங்கலாம் என்ன? வாசலிலை நிண்டு கார் கழுவிறவனும் அடியார்தானே?” என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. “நான் இந்த முறையும் செய்வன்” என்றாள். “பேர் போடாட்டி செய்யமாட்டன் எண்டு சொல்ல எனக்கு ஏலாது. ஆனா அந்தத் தட்டத்தை வாங்க இந்த முறை நீ வரக்கூடாது. ஆர் கூப்பிட்டாலும் வரக்கூடாது.”

“அப்ப ஆர் வாங்கிறது?”

“ஒருத்தரும் வாங்காட்டி ஐயர் கையிலை பிடிச்சுக்கொண்டு நிக்கட்டும். நான் அங்கைதான் நிப்பன்.”

இதை எழுதப் போகிறேன் என்றேன். தன் பெயரை நான் எழுதக் கூடாது என்றாள். “அதை அவர்தான் முதலிலை சொல்லோணும்” என்றாள். அவள் சொன்னபடியே எழுதவில்லை.

தலைவர் அவர்களே, கொடியேற்றத்துக்கு முன் கோயிலின் பொதுக்கூட்டம் இருக்கிறது. நானும் அங்கத்தவன், சந்தா கட்டியிருக்கிறேன், வந்து பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். நீங்கள் எழும்பி நின்று பதில் சொல்லுங்கள். ஏழாம் திருவிழாவைச் செய்கிற அந்த அடியார் யார்? அவருடைய முழுப்பெயர் என்ன? அன்றைக்கு அவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்களா, மாட்டீர்களா? கூப்பிட மாட்டீர்கள் என்றால் அதையும் அங்கேயே, அவருடைய முகத்தைப் பார்த்து, யாருடைய முகம் சுழியும் என்று பெயரோடு சொல்லுங்கள். குசினியில் வேண்டாம். எனக்குத் தொலைபேசியும் எடுக்க வேண்டாம். சபையில் சொல்லுங்கள்.